விகிதமுறு மூலம் சிக்காத முப்படிச் சமன்பாடு

பந்து வடிவில் வார்த்த சம்ப் ஒன்று. ஆரம் 1 மீட்டர், உயரம் 2 மீட்டர், கொள்ளளவு சுமார் 4,189 லிட்டர். உள்ளே சரியாகக் கால் பங்கு தண்ணீர் இருந்தால், அளவுகோல் எத்தனை சென்டிமீட்டர் நனையும்?

உயரத்தில் கால் பங்கு 50 செ.மீ. தானே என்று அங்கே கோடு போடுபவர் ஏமாறுவார். 50 செ.மீ.க்கு இருப்பது வெறும் 654 லிட்டர், அதாவது 15.6 சதவீதம். 2024 கோடையில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, தனியார் டேங்கர் தண்ணீருக்கு மாவட்ட நிர்வாகமே உச்சவிலை விதிக்க வேண்டி வந்தது. அப்படியொரு கோடையில் இந்த வித்தியாசம் சின்னது அல்ல.

கோடு எங்கே வரவேண்டும் என்று கணக்குப் போட்டால் ஒரு முப்படிச் சமன்பாடு வந்து நிற்கிறது. ஆரம் 1 ஆக இருக்கும்போது, ய ஆழத்துக்கு உள்ள நீரின் கன அளவு பை × ய²(3 − ய) ÷ 3. முழுப் பந்தின் கன அளவில் கால் பங்கு பை ÷ 3. இரண்டையும் சமப்படுத்தினால்:

ய³ − 3ய² + 1 = 0

கல்யாணச் சமையலில் அரைக்கோள வாணலியைப் பாதி நிரப்பினாலும் இதே சமன்பாடுதான், ஏனென்றால் அரைப் பந்தில் பாதி என்பது முழுப் பந்தில் கால். பள்ளியில் கற்ற வழிப்படி 1, −1 என்று போட்டுப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. பெரும்பாலான மாணவர்கள் பேனாவை மூடி வைப்பது இந்த இடத்தில். இந்த அத்தியாயம் அங்கிருந்து தொடங்குகிறது.

(தெரியாத எண்ணுக்கு இங்கே ய. பள்ளிப் புத்தகத்தில் அதுவே எக்ஸ்.)

தேவையானவை

கொசைன், நேர்மாறு கொசைன், கனமூலம் மூன்றும் உள்ள ஒரு கால்குலேட்டர். கோணம் டிகிரியில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க டிகிரிதான். சரிபார்க்க ஒரே தட்டல் போதும்: கொசைன் 60 போட்டால் 0.5 வர வேண்டும். −0.95 வந்தால் கருவி ரேடியனில் இருக்கிறது.

கேசியோ எஃப்எக்ஸ்-991 போன்ற கருவிகளில் முப்படிச் சமன்பாட்டுக்கென்றே ஒரு வசதி உண்டு. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் இல்லாத உறுப்புக்கு 0 போட மறக்கக் கூடாது. மேலே உள்ள சமன்பாட்டுக்கு 1, −3, 0, 1 என்று நான்கு எண்கள் தர வேண்டும். ய உறுப்புக்கான 0-ஐ விட்டுவிட்டு 1, −3, 1 என்று தட்டுபவர்கள்தான் அதிகம்.

முதல் வேலை: விகிதமுறு மூலம் நிஜமாகவே இல்லையா?

1. பின்னக் கெழுக்கள் இருந்தால் பெருக்கி எல்லாவற்றையும் முழு எண்ணாக்குங்கள்.
2. மாறிலி உறுப்பின் வகுத்திகளை மேலே, ய³-இன் கெழுவின் வகுத்திகளைக் கீழே வைத்து வரும் பின்னங்களை எழுதுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டும் வேண்டும்.
3. ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்று பொருந்தினாலும் அந்தக் காரணியை வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தை இருபடிச் சமன்பாடாகத் தீர்த்துவிடலாம். இந்த அத்தியாயமே வேண்டாம்.

சம்ப் சமன்பாட்டில் பார்க்க வேண்டியவை 1, −1 இரண்டுதான். 1 போட்டால் −1 வருகிறது, −1 போட்டால் −3. இரண்டும் தோல்வி.

கெழுக்கள் அளந்து எடுத்த தசமங்களாக இருந்தால் (0.4587 மாதிரி) இந்தப் படியைத் தாண்டிவிடலாம். அளவைக் கணக்கில் வகுத்தி தேடுவது நேர விரயம்.

இரண்டாம் வேலை: ய² உறுப்பைக் கழற்றுவது

சமன்பாட்டை ய³ + க·ய² + ச·ய + ட = 0 என்று எழுதிக்கொள்ளுங்கள். ய³-இன் கெழு 1 ஆக இல்லாவிட்டால் முதலில் அதனால் எல்லாவற்றையும் வகுத்துவிடுங்கள். இதை மறப்பதுதான் நடைமுறையில் முதலிடம் பிடிக்கும் பிழை.

1. ய = ம − க/3 என்று வையுங்கள்.
2. ப = ச − க²/3
3. த = 2க³/27 − க·ச/3 + ட
4. இப்போது சமன்பாடு ம³ + ப·ம + த = 0.

சம்ப்புக்கு க = −3, ச = 0, ட = 1. ஆகவே ய = ம + 1, ப = −3, த = −1:

ம³ − 3ம − 1 = 0

இந்த நகர்த்தல் ஐரோப்பாவிலிருந்து வந்த வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் பாஸ்கரர் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய பீஜகணிதத்தில் ய³ + 12ய = 6ய² + 35 என்ற கணக்கு வருகிறது. இரண்டு பக்கமும் சரிக்கட்டி (ய − 2)³ = 27 ஆக்கி, விடை 5 என்கிறார். அங்கே நகர்த்தியதும் ம உறுப்பும் சேர்ந்தே காணாமல் போகிறது, அதனால் வேலை சுலபம். நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. −3ம ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

குறிப்பு: க எதிர்மமாக இருக்கும்போது க³-உம் எதிர்மம், க²/3 மட்டும் நேர்மம். த-வைக் கணக்கிடும்போது மூன்று உறுப்புகளையும் தனித்தனி வரியில் எழுதிக் கூட்டினால் குறிப்பிழை பெருமளவு குறையும்.

மூன்றாம் வேலை: எந்த வழி என்று முடிவு செய்வது

ஒரே ஒரு எண்ணைக் கணக்கிடுங்கள்:

சோதனை எண் = (த/2)² + (ப/3)³

நேர்மம் வந்தால் ஒரே மெய் மூலம், மற்ற இரண்டும் கலப்பெண்கள். கார்டானோ வழியில் போகலாம். எதிர்மம் வந்தால் மூன்றும் மெய் மூலங்கள். கொசைன் வழியில் போக வேண்டும்.

சுழி வந்தால் நின்று யோசியுங்கள். கெழுக்கள் முழு எண்களாக இருந்து சோதனை எண் சுழியானால் எல்லா மூலங்களும் விகிதமுறு எண்களாகத்தான் இருக்கும். முதல் வேலையில் எதையோ தவறவிட்டிருக்கிறீர்கள்.

சம்ப்புக்கு 1/4 − 1 = −3/4. எதிர்மம்.

மூன்றும் மெய் மூலமானால்: கொசைன் வழி

இத்தாலியரான கார்டானோ 1545-இல் 'ஆர்ஸ் மாக்னா' நூலில் வெளியிட்ட சூத்திரம் சரியாக இங்கேதான் சிக்கலில் மாட்டியது. விடைகள் மூன்றும் சாதாரண மெய்யெண்கள். ஆனால் சூத்திரத்தில் போட்டால் நடுவே மைனஸ் எண்ணின் வர்க்கமூலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. 1572-இல் பொம்பெல்லி அந்தக் கற்பனை எண்களையே விதிப்படி கூட்டிக் கழித்து விடைக்குப் போகலாம் என்று காட்டினார். கலப்பெண்களுக்குக் கணிதத்தில் இடம் கிடைத்ததற்கு இந்த முப்படிச் சங்கடம் ஒரு பெரிய காரணம். பிரான்சின் வியேட் கற்பனை எண்ணைத் தொடாமலே போக ஒரு வழி கண்டார். ஒரு கோணத்தின் மும்மடங்குக்கான கொசைன் சூத்திரமும் ஒரு முப்படிச் சமன்பாடுதான் என்பது அவர் பிடித்த நூல்முனை.

விகிதமுறு மூலமும் இல்லை, மூன்றும் மெய் மூலம் என்றால், அவற்றை மெய்யெண்களின் மூலக்குறிகளை மட்டும் வைத்து எழுதவே முடியாது. இது நிரூபிக்கப்பட்ட சேதி. எனவே √, ∛ மட்டும் போட்டு அழகான விடை கொண்டுவரும் முயற்சியில் இரவைக் கழிக்க வேண்டாம்.

செய்முறை:

1. வீ = √(−ப/3) கண்டுபிடியுங்கள். ப எதிர்மமாகத்தான் இருக்கும். இல்லையென்றால் முந்தைய படியில் பிழை.
2. (−த/2) ÷ வீ³ கண்டுபிடியுங்கள். இது −1-க்கும் 1-க்கும் நடுவே வர வேண்டும்.
3. அதற்கு நேர்மாறு கொசைன் எடுத்து, வரும் கோணத்தை மூன்றால் வகுங்கள்.
4. அந்தக் கோணம், அதனுடன் 120 டிகிரி, அதனுடன் 240 டிகிரி: மூன்றுக்கும் 2 × வீ × கொசைன் எடுத்தால் மூன்று ம.
5. ஒவ்வொன்றிலிருந்தும் க/3-ஐக் கழித்தால் மூன்று ய.

சம்ப்புக்கு வீ = 1, இரண்டாம் படியில் 0.5. நேர்மாறு கொசைன் 60 டிகிரி, மூன்றால் வகுத்தால் 20. கோணங்கள் 20, 140, 260. ம-வின் மதிப்புகள் 1.8794, −1.5321, −0.3473. ஒன்றைக் கூட்டினால் ய = 2.8794, −0.5321, 0.6527.

சரிபார்ப்பு: மூன்று ய-வையும் கூட்டினால் −க வர வேண்டும். 2.8794 − 0.5321 + 0.6527 = 3.0000. சரி.

ஆழம் எதிர்மமாக இருக்க முடியாது, 2 மீட்டர் சம்ப்பில் 2.88 மீட்டர் நீரும் நிற்காது. மிச்சம் 0.6527. கால் பங்குக் கோடு 65.3 செ.மீ. உயரத்தில். 30 செ.மீ. ஆழமுள்ள அரைக்கோள வாணலியில் பாதி என்பது 19.6 செ.மீ. கண் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு என்று சொல்லும் சமையல்காரர் கிட்டத்தட்ட சரியாகத்தான் சொல்கிறார்.

இதே செய்முறையில் மற்றக் கோடுகளும் கிடைத்துவிடும். பங்கு எவ்வளவானாலும் வீ = 1 தான், இரண்டாம் படியில் வருவது 1 − 2 × பங்கு. பத்து சதவீதத்துக்கு 0.8, கோணம் 36.87, மூன்றால் வகுத்து 240 கூட்டினால் 252.29. ஆழம் 0.3916. அளவுகோலில் போட வேண்டிய கோடுகள், 1 மீட்டர் ஆரத்துக்கு:

- 10 சதவீதம்: 39.2 செ.மீ.
- 25 சதவீதம்: 65.3 செ.மீ.
- 50 சதவீதம்: 100 செ.மீ.
- 75 சதவீதம்: 134.7 செ.மீ.
- 90 சதவீதம்: 160.8 செ.மீ.

ஆரம் வேறாக இருந்தால் அதே விகிதத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள். 75-ஐயும் 90-ஐயும் தனியாகத் தீர்க்க வேண்டியதில்லை, 200-இலிருந்து கழித்தால் போதும்.

எச்சரிக்கை: அளப்பதற்காகச் சம்ப்புக்குள் இறங்காதீர்கள். மூடிக் கிடக்கும் சம்ப்பில் பிராணவாயு குறைந்திருக்கும், விஷவாயுவும் தேங்கியிருக்கலாம். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் உயிரிழந்த சம்பவங்கள் உண்டு. மேலிருந்தே கோலை விட்டு அளக்க வேண்டும். அளந்த கையோடு மூடியைப் பூட்டிவிடுங்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயமாக.

இதே எண்கள், மைசூர் பேங்க் சர்க்கிள் பக்கத்தில்

மேலே வந்த ம-வின் மதிப்புகளைப் பாதியாக்கி, குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் கொசைன் 20, கொசைன் 40, கொசைன் 80. இந்த மூன்று எண்களுக்கும் பெங்களூருக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது.

1907-இல் வி. ராமசுவாமி ஐயர் முன்னின்று தொடங்கிய இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் எம். டி. நாரணையங்கார், மைசூர் பேங்க் சர்க்கிள் பக்கத்திலிருக்கும் பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் கணிதப் பேராசிரியர். இன்று அந்த வளாகத்தின் பெயர் நம்ம மெட்ரோ நிலையம் ஒன்றின் பெயர்ப் பலகையிலும் இருக்கிறது. சீனிவாச ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1911-இல் அந்த இதழில்தான் வந்தது. அச்சேறுவதற்கு முன் தெளிவு போதாதென்று ஆசிரியர் அதைத் திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறார். கும்பகோணத்து இளைஞர் எழுதும் முறை அவ்வளவு சுருக்கம்.

வாசகர்களுக்குக் கேள்வி விடும் பகுதி ஒன்றும் இதழில் உண்டு. ராமானுஜன் அதற்கும் கணக்குகள் அனுப்புவார். 1914 தொகுதியில் வந்த 524-ஆவது கேள்வியின் ஒரு பகுதியை இப்படி எழுதலாம்:

∛(கொசைன் 40) + ∛(கொசைன் 80) − ∛(கொசைன் 20) = ∛( 3(∛9 − 2)/2 )

கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். இடப்பக்கம் 0.9150 + 0.5579 − 0.9795 = 0.4934. வலப்பக்கம்: ∛9 = 2.0801, இரண்டைக் கழித்து ஒன்றரையால் பெருக்கினால் 0.1201, அதன் கனமூலம் 0.4934. தனித்தனியாக மெய்யெண் மூலக்குறியில் எழுதவே முடியாது என்று சற்று முன் சொன்ன அதே எண்கள்! அவற்றின் கனமூலங்களைக் கூட்டிக் கழித்ததும் சுத்தமான மூலக்குறிக்குள் அடங்கிவிடுகின்றன. 1902-இல் பள்ளி மாணவராக இருந்தபோதே முப்படிச் சமன்பாட்டைக் கற்றுக்கொண்டு, நாற்படிக்குத் தானே ஒரு வழி கண்டுபிடித்தவர் அவர். அடுத்து ஐம்படியிலும் மோதிப் பார்த்தார். பொது ஐம்படிச் சமன்பாட்டுக்கு மூலக்குறிச் சூத்திரமே கிடையாது என்று நார்வேயின் ஆபெல் 1824-லேயே நிறுவியிருந்தது கும்பகோணத்துக்கு எட்டியிருக்கவில்லை.

நாரணையங்காருக்கும் கோணத்தை மூன்றாகப் பிரிக்கும் விஷயத்தில் சொந்த ஈடுபாடு இருந்தது. முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் மும்மூன்றாகப் பிரித்தால், பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் சந்திக்கும் மூன்று புள்ளிகள் சமபக்க முக்கோணம் ஆகும் என்பது மார்லியின் தேற்றம். அதற்கு நாரணையங்கார் 1909-இல் வெளியிட்ட நிரூபணம் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. 60 டிகிரியை அளவுகோலும் காம்பசும் மட்டும் வைத்து மூன்றாகப் பிரிக்க முடியாது என்பதற்கும் நம் சம்ப் சமன்பாடுதான் காரணம். அதற்கு விகிதமுறு மூலம் இல்லை என்ற ஒரே உண்மையை வைத்து 1837-இல் வான்ட்செல் நிறுவியதன் சாரம் அது.

ராஜகாலுவே கணக்கு

ஏரியிலிருந்து ஏரிக்கு மழைநீரைக் கடத்தும் பெங்களூரின் ராஜகாலுவேக்கள் பல இடங்களில் செவ்வகக் கான்கிரீட் கால்வாய்களாகிவிட்டன. அப்படி ஒரு கால்வாயில் ஒரு மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு 3 கன மீட்டர் நீர் ஓடுகிறது, தளத்திலிருந்து அளந்த ஆற்றல் (ஆழமும் வேகத்துக்கான உயரமும் சேர்ந்து) 2 மீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆழம் என்ன?

வேகத்துக்கான உயரம் 9 ÷ (19.62 × ய²), அதாவது 0.4587 ÷ ய². சமன்பாடு: ய³ − 2ய² + 0.4587 = 0.

- ய = ம + 2/3, ப = −1.3333, த = −0.1339
- சோதனை எண் எதிர்மம், வீ = 0.6667
- 0.06694 ÷ 0.29630 = 0.2259, கோணம் 76.94, மூன்றில் ஒரு பங்கு 25.65
- ய = 1.869, −0.434, 0.565. கூட்டினால் 2.000

இங்கே எதிர்மம் மட்டும்தான் கழிகிறது. 1.869-உம் 0.565-உம் இரண்டுமே நடக்கக்கூடியவை: ஆழமாக, விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் மெதுவாக ஓடலாம், அல்லது அரை மீட்டரைச் சற்றே தாண்டிய ஆழத்தில் 5.3 மீட்டர் வேகத்தில் பாயலாம். கீழே தடுப்பு இருந்து நீர் தேங்கி நின்றால் முதல் விடை. மதகுக்கு அடியில் பீறிட்டு வரும் இடத்தில் இரண்டாம் விடை. எது என்பதைச் சமன்பாடு சொல்லாது, கால்வாயைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். முதலில் வந்த நேர்ம விடையை எழுதிவிட்டு எழுந்துபோவது பொறியியல் தேர்வுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. முழங்காலுக்குச் சற்று மேல்தான் தண்ணீர் என்று நினைத்து அந்த வேகத்தில் இறங்குவது அதைவிடப் பெரிய தவறு.

ஒரே மெய் மூலமானால்: கார்டானோ வழி

ஒரு லட்சம் ரூபாய் கடன். வருடக் கடைசியில் 40,000 வீதம் மூன்று வருடம் கட்ட வேண்டும். வட்டி விகிதம் என்ன? மொத்தம் 20,000 வட்டி, மூன்றால் வகுத்தால் 6.67 சதவீதம் என்று சொல்லிக் கடன் விற்பவர்கள் உண்டு. அசல் வருடா வருடம் குறைந்துகொண்டே வருவதை அந்தக் கணக்கு மறைத்துவிடுகிறது.

ஒரு வருடத் தள்ளுபடிக் காரணியை, அதாவது 1 ÷ (1 + வட்டி விகிதம்) என்பதை, ய என்று வைத்து, கடனை 40,000-ஆல் வகுத்தால் ய³ + ய² + ய = 2.5. இரண்டால் பெருக்கி 1, 5, 1/2, 5/2 எல்லாம் போட்டுப் பார்த்தாலும் விகிதமுறு மூலம் இல்லை.

1. க = 1, ச = 1, ட = −2.5. ய = ம − 1/3, ப = 0.666667, த = −2.759259.
2. சோதனை எண் 1.914352, நேர்மம். அதன் வர்க்கமூலம் 1.383601.
3. −த/2 = 1.379630. த எதிர்மமாக இருப்பதால் வர்க்கமூலத்தைக் கூட்டுங்கள்: 2.763231. கனமூலம் 1.403263.
4. இரண்டாவது துண்டை −ப ÷ (3 × முதல் துண்டு) என்று எடுங்கள்: −0.158361.
5. இரண்டையும் கூட்டினால் ம = 1.244902. ய = 0.911569.
6. 1 ÷ 0.911569 = 1.0970. உண்மையான வட்டி 9.70 சதவீதம்.

நான்காவது படியைக் கவனியுங்கள். பாடநூல் சூத்திரம் இரண்டாவது துண்டையும் கனமூலமாகவே எடுக்கச் சொல்லும்: 1.379630 − 1.383601-இன் கனமூலம். கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது இலக்கங்கள் பறந்துவிடும். நான்கு தசமத்தோடு நிறுத்தி அப்படிச் செய்தால் −0.0040, அதன் கனமூலம் −0.1587, வட்டி 9.73 என்று வந்து நிற்கும். வகுத்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. (−த/2 எதிர்மமாக இருந்தால் முதல் துண்டுக்கு வர்க்கமூலத்தைக் கழிக்க வேண்டும். எந்தக் குறியில் எண் பெரிதாகிறதோ அந்தக் குறி.)

கணினியில் எழுதுவோருக்கு இன்னொரு பள்ளம். பைத்தானில் −8-ஐ மூன்றில் ஒரு பங்கு அடுக்குக்கு உயர்த்தினால் −2 வராது, ஒரு கலப்பெண் வரும். குறியைத் தனியே எடுத்துவைத்து, நேர்ம எண்ணுக்குக் கனமூலம் கண்டு, பிறகு குறியை ஒட்டுங்கள். நேர்மாறு கொசைனும் அங்கே ரேடியனில்தான் வரும். 120, 240 டிகிரிகளை மாற்றாமல் கூட்டினால் மூன்று மூலங்களும் குப்பை.

நாலு செயலிக் கால்குலேட்டர் மட்டும் கையில் இருந்தால்

15-ஆம் நூற்றாண்டில் சமர்கண்டில் அல்-காஷி 3 டிகிரியின் சைனிலிருந்து 1 டிகிரியின் சைனை எடுத்தது ஒரு முப்படிச் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றித்தான். நம் ம³ − 3ம − 1 = 0-ஐயும் அப்படியே சுற்றலாம். ம = (ம³ − 1)/3 என்று எழுதுங்கள். 0-இல் தொடங்கி, வரும் விடையை மறுபடி வலப்பக்கத்தில் போடுங்கள்:

−0.33333, −0.34568, −0.34710, −0.34727, −0.34729, −0.34730

ஆறே சுற்றில் ஐந்து தசமம். கொசைனும் வேண்டாம், கனமூலமும் வேண்டாம். ஆனால் இந்த வடிவம் சின்ன மூலத்துக்கு மட்டும்தான் சரிப்படும். 2-இல் தொடங்கினால் 2.33, 3.9 என்று ஏறிக்கொண்டே ஓடிவிடும். பெரிய மூலம் வேண்டுமானால் சமன்பாட்டைப் புரட்டி ம = ∛(3ம + 1) என்று எழுத வேண்டும், அதற்கு மட்டும் கனமூலம் உள்ள கால்குலேட்டர் தேவை. 2-இல் தொடங்கினால் 1.9129, 1.8888, 1.8820 என்று 1.8794-ஐ நோக்கி இறங்கும். இரண்டு சுற்றுக்குள் எண்கள் நெருங்கி வராமல் விலகிப் போனால் வடிவத்தை மாற்றுங்கள். பொறுமையாக இருபது சுற்று போட்டுப் பயனில்லை.

செய்து பாருங்கள்

ராமானுஜனின் அதே 524-ஆவது கேள்வியில் இன்னொரு பாதி ஏழு பக்கப் பலகோணத்தைப் பற்றியது. 360 டிகிரியை 7-ஆல் வகுத்து வரும் கோணத்தின் கொசைனை இரு மடங்காக்கினால் அது இந்தச் சமன்பாட்டின் மூலம்:

ய³ + ய² − 2ய − 1 = 0

1, −1 இரண்டும் தோற்பதைப் பாருங்கள். பிறகு ப = −7/3, த = −7/27 வருகிறதா என்று சரிபாருங்கள். இரண்டாம் படியில் 0.18898, கோணம் 79.11, மூன்றால் வகுத்தால் 26.37. மூலங்கள் 1.2470, −0.4450, −1.8019. மூன்றையும் கூட்டினால் −1, பெருக்கினால் 1 வர வேண்டும். கடைசித் தசமத்தில் ஒன்றிரண்டு ஏறக்குறைய இருந்தால் அது முழுமையாக்கலால் வந்தது. அதற்கு மேல் விலகினால் முதலில் கால்குலேட்டரின் டிகிரியை, அடுத்து த-வின் குறியைப் பாருங்கள்.